உப்பில்லாப் பத்தியம்

எனக்கு இதுவரை மஞ்சள் காமாலை வந்ததில்லை. ஆனாலும் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என்னை மஞ்சள் காமாலைக்காரி என்று வந்து பார்த்து, கண் இமையை இழுத்து விரித்துச் சோதித்து, ரொட்டியும் ஹார்லிக்ஸும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இல்லாத நோய்க்கு வந்த ஹார்லிக்ஸ் எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. இருந்த நோய்க்கு யாரும் ஒரு ஆரஞ்சுப் பழம்கூட வாங்கி வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படி ஒன்று இருப்பதை நாங்கள் சொன்னால்தானே தெரியும்?

என் பெயர் கோமதி. தூத்துக்குடியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளர். பதவிப் பெயர் நீளமே தவிர, வேலை என்னவோ கடலோரக் கிராமங்களுக்கும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் பஸ் பிடித்துப் போய்வருவதுதான். குடிதண்ணீர், கழிப்பறை, பெண்பிள்ளைகள் படிப்பு, சேற்றுநிலத்தில் அலையாத்திக் கன்று நடுவது எல்லாம் அதில் அடக்கம். மொத்தத்துக்கும் பெயர் நிலைத்த வளர்ச்சி. உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட பதினேழு இலக்குகளை வண்ண வண்ணச் சக்கரமாக எங்கள் ஆபீஸ் சுவரில் வரைந்து வைத்திருக்கிறோம். அதில் மூன்றாவது இலக்கு உடல்நலம். அதற்குள் ஓர் ஓரமாக மனநலமும் வரும். பயிற்சி வகுப்பில் அந்த இடத்துக்கு வரும்போது பெரும்பாலும் டீ வந்துவிடும். டீ குடித்த பிறகு நாலாவது இலக்கிலிருந்து தொடங்குவோம்.

நோய் வந்தபோது அது நோய் மாதிரியே இல்லை. தூக்கம் குறைந்தது, ஆனால் களைப்பு வரவில்லை. ஒரு வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாலு வேலை தோன்றும், நாலையும் ஒன்றாகத் தொடங்குவேன். வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை மொத்தக் கடற்கரைக்கும் ஒரே திட்டம் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அடுத்த நாள் அதற்குத் திருத்தம், அதற்கு மறுநாள் திருத்தத்துக்குத் திருத்தம். அங்கே இருந்தவர்கள் என் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்து, அர்ப்பணிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாராட்டினார்கள். ஜவுளிக்கடையில் நான் வேலை பார்த்திருந்தால் முதலாளி அண்ணாச்சிக்கு ஒரு வாரத்தில் சந்தேகம் வந்திருக்கும். எங்கள் துறையில் தூங்காமல் உலகத்தைத் திருத்துகிறவர்களுக்குத்தான் மரியாதை.

முதலில் சந்தேகப்பட்டவர் என் வீட்டுக்காரர் நம்பிராஜன். அவர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு வேலை பார்க்கும் ஏஜென்சி ஆபீஸில் இருக்கிறார். கப்பல் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று பார்த்துப் பார்த்து எதையும் அவசரப்படாமல் செய்கிற மனிதர்.

"ஏளா கோமதி, கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசு. நீ பேசுதது ஒண்ணும் வெளங்கல" என்றார்.

நான் தட்டைத் தூக்கி எறிந்தேன். எறிந்தது நினைவில் இருக்கிறது. என்ன கோபம் என்பது நினைவில் இல்லை.

நிதி கொடுக்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து பார்வையிட வந்த அன்று அது எல்லோருக்கும் வெளிச்சமானது. முத்தையாபுரத்துக்குத் தெற்கே, நாங்கள் அலையாத்தி நட்டிருந்த இடத்துக்கு அவர்களை அழைத்துப் போயிருந்தோம். நான் விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. பதினேழு இலக்குகளையும் இந்த வருஷமே முடித்துவிடலாம், எனக்கு வழி தெரியும் என்றேன். சிரித்தேன், அழுதேன். வந்தவர்களில் ஒரு அம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, உச்சிவெயிலில் முழங்கால் சேற்றில் இறங்கிவிட்டேன். எங்கள் இயக்குநர் மேடம் கரையில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு நம்பிராஜனுக்குப் போன் செய்தார். அவர் வந்து, சேற்றில் இறங்கி, என் கையைப் பிடித்தார். அவரைப் பார்த்ததும் நான் அமைதியாகிவிட்டதாக மேடம் பிறகு சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய பேன்ட் முழுக்கச் சேறாகிவிட்டதே, எப்படி வெளுப்பது என்று நினைத்தது மட்டும் ஞாபகம்.

மருத்துவமனையில் காத்திருக்கும் கூடத்தில் வைத்துத்தான் மஞ்சள் காமாலை எனக்கு வந்தது. ஊரிலிருந்து செண்பகம் சித்தி போன் செய்திருக்கிறார். என் அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு எனக்கு அம்மா இடத்தில் இருப்பவர். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் வயலும் வீடுமாக இருக்கிறார். "கோமதி ஏன் போன எடுக்க மாட்டேங்கா?" என்று கேட்டதும், "ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கோம் அத்தை" என்று நம்பிராஜன் உளறிவிட்டார். "என்ன செய்யுதாம்?" என்பது அடுத்த கேள்வி. எதிர்ச் சுவரில், கொதிக்க வைத்த தண்ணீரைக் குடியுங்கள், மஞ்சள் காமாலையைத் தவிருங்கள் என்று ஒரு படம் ஒட்டியிருந்தது. இவர் அதை வாசித்துவிட்டார்.

"தொத்து நோயி அத்தை. யாரும் பாக்க வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ" என்று ஒரு பூட்டும் போட்டார். அப்போதைக்கு அது நல்ல பொய்யாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலையை யாரும் டாக்டரிடம் விட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதைத் தாமிரபரணிக் கரையில் பிறந்த மனிதர் மறந்துபோனார். அதற்கு வீட்டுக்கு வீடு வைத்தியம் உண்டு. இரத்தக் கொதிப்பு என்று சொல்லியிருந்தால் மாத்திரை சாப்பிடட்டும் என்று விட்டிருப்பார்கள்.

எனக்கு வந்திருந்தது இருமுனை மனநிலைக் கோளாறு என்று டாக்டரம்மா சொன்னார். மனநிலை சில காலம் அளவுக்கு மீறி ஏறும், சில காலம் அதே அளவுக்கு இறங்கும். ஏறியிருக்கும்போது ஆளுக்கு நோய் என்றே தோன்றாது. இறங்கும்போது எழுந்து பல் தேய்ப்பதுகூட மலையாக இருக்கும். சர்க்கரை வியாதி மாதிரி மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம், நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள் என்றார். நான் அப்போது கேட்கிற நிலையில் இல்லை. நம்பிராஜன் கேட்டுக்கொண்டார்.

முதல் சில நாட்கள் ஊசியில் தூங்கினேன். பிறகு சோதனைகள். தைராய்டு, சிறுநீரகம், இதயத்துக்கு ஒரு ஈ.சி.ஜி. எல்லாம் சரி என்று வந்த பிறகு லித்தியம் மாத்திரை தொடங்கினார்கள். லித்தியம் என்பது ஒருவகை உப்புச் சத்து. உடம்பில் குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் விஷம். நடுவில் உள்ள இடம் குறுகலானது. அதனால் காலையில் மாத்திரை போடும் முன் இரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். எங்கள் தலைமை அலுவலகம் பேட்டரிப் படகு, பேட்டரி வண்டி என்று மாதம் ஒரு அறிக்கை அனுப்பும். அதிலெல்லாம் இதே லித்தியம்தான். பூமியைக் காப்பாற்ற அதை எவ்வளவு தோண்ட வேண்டும் என்று நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். மனுஷருக்கும் கொடுப்பார்கள் என்பது அங்கே படுத்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா நம்பிராஜனிடம் இரண்டு விஷயம் சொன்னார். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் அதற்குப் பதிலாக லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பளத்துக்கு நடுவில் குடியிருக்கிறோம், உப்புக்கு என்ன பஞ்சம் என்று இவர் சிரித்தாராம்.

மனநலப் பிரிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் படுத்தால் நோய் பார்க்க ஆள் வந்துகொண்டே இருக்கும். பக்கத்துக் கட்டிடத்தின் பொது வார்டில் பார்வை நேரத்துக்கு வாட்ச்மேன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போவார். எங்கள் வார்டுக்கு மட்டும் மணி அடித்தாலும் ஒருத்தரும் வர மாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் மெர்சி அக்கா இருந்தார். கடற்கரைத் தெருக்காரர். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மாதக்கணக்கில் எழுந்திருக்காமல், சமைக்காமல், பேசாமல் கிடந்து, கடைசியில் அவருடைய தம்பி தூக்கிக்கொண்டு வந்து சேர்த்திருந்தார். நான் போனபோது நாலு வார்த்தை பேசுகிற அளவுக்குத் தேறியிருந்தார்.

"எங்க தெருவுல நான் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு வேண்டுதலுக்குப் போயிருக்கேன்னு சொல்லியிருக்காவ. ஒனக்கு என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டார்.

"மஞ்சள் காமாலை" என்றேன்.

யோசித்தார். "அது நல்ல நோயி. என்னைய மாதிரி திரும்பிப் போவும்போது, கோயிலுக்குப் போனதுக்கு அடையாளமா மெழுகுவத்தியும் எண்ணெயும் வாங்கிட்டுப் போவ வேண்டாம் பாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். வார்டில் சேர்ந்த பிறகு நான் சாதாரணமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு எனக்கு அளவாக இருந்தது, அதனால் பயமாக இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் செண்பகம் சித்தி வாசலில் நின்றார். கையில் ஒரு பை துணிமணி, இன்னொரு பையில் வேரோடு பிடுங்கிய கீழாநெல்லி. "தொத்தாவது மண்ணாவது, நான் பாக்காத காமாலையா" என்று உள்ளே வந்தவர், என் கண்ணை விரித்துப் பார்த்தார். மஞ்சளாக இல்லை. ஆனால் சித்தியை ஏமாற்றுவது கஷ்டம். தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வதில் அவருக்கு இணை கிடையாது.

"இது உள்காமாலை. வெளிய தெரியாது. இதுதான் பொல்லாதது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார்.

அன்றிலிருந்து பத்தியம். புளி இல்லை, எண்ணெய் இல்லை, தாளிதம் இல்லை, உப்பு அறவே இல்லை. காலையில் வெறும் வயிற்றில் அரைத்த கீழாநெல்லி, மோரில். மத்தியானம் குழைந்த சோறும் உப்பில்லாத மோரும். அதைச் சாப்பிடுவது ஈரத்துணியை மெல்லுவது மாதிரி இருக்கும். சித்தி எதிரில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே, "கண்ண மூடிட்டு முழுங்கு மக்ளே" என்பார். என் மேல் அவருக்கு அவ்வளவு பாசம். வயலில் நடவு வேலையையும் வீட்டையும் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் வந்ததைக் கேட்டு மற்ற சொந்தக்காரர்களும் ரொட்டியும் ஹார்லிக்ஸுமாக வரத் தொடங்கினார்கள்.

இரண்டாம் நாள் நம்பிராஜனைத் தனியாகப் பிடித்து, "உப்பக் கொறைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாவல்லா?" என்று கேட்டேன்.

"சொன்னாவ. இப்ப அத்தைட்ட நான் என்னன்னு சொல்ல? காமாலைக்கு உப்பு சேக்கச் சொன்ன டாக்டர் எந்த டாக்டருன்னு கேப்பாவ. நாலு நாள் பொறு. அத்தை போயிருவாவ."

"உண்மையச் சொல்லிருங்க."

அவர் முகம் மாறியது. "ஏளா, பைத்தியம்னு ஒரு தடவ பேரு வந்துட்டா பெறவு போவுமா? ஊர் ஊராப் போயி பொம்பளையளக் கூட்டி வச்சுப் பேசுதவ நீ. அதுக்கப்புறம் ஒன் பேச்ச எவ கேப்பா? வேல போயிரும்."

அவர் சொன்னது பொய்யில்லை என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டேன். வேலை எனக்குச் சம்பளம் மட்டும் இல்லை. அது போனால் நான் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் ஆபீஸிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த உப்புப் பிஸ்கெட் பாக்கெட்டை எனக்குக் கொடுக்கப் பார்த்தார். சித்தி கண்டுபிடித்துப் பிடுங்கிவிட்டார். அது வெயில் காலம் வேறு. எங்கள் ஊர் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சட்டையில் உப்புப் பூக்கும்.

முதலில் கை நடுங்கியது. மருந்துக்கு லேசாக நடுங்கும் என்று சொல்லியிருந்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு. நடந்தால் படகில் நிற்கிற மாதிரி கால் தள்ளாடியது. நாக்கு தடித்து, நான் பேசுவது எனக்கே புரியவில்லை. சித்தி இதையெல்லாம் பார்த்து, பித்தம் தலைக்கேறிவிட்டது என்று பத்தியத்தை இன்னும் இறுக்கினார். மோரையும் நிறுத்தி, கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்தார். கஞ்சியிலும் உப்பில்லை.

நம்பிராஜன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது நான் அவரைப் பார்த்து யார் என்று கேட்டிருக்கிறேன். அவர் சாப்பிடவில்லை. என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார். சித்தியும் ஏறிக்கொண்டார்.

அவசரப் பிரிவில் நடந்ததை எனக்குச் சொன்னவர் நம்பிராஜன்தான். டாக்டரம்மா வந்து என்னைப் பார்த்தார். காலைத் தட்டினார், கையை நீட்டச் சொன்னார். உடனே இரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிக் கேட்டார்: "வீட்டுல சமையல் யாரு?"

"நாந்தான் டாக்டரம்மா" என்று சித்தி முன்னால் வந்தார். "பயப்படாதீங்க. இத்தன நாளும் ஒரு கல்லு உப்பு உள்ள போவ விடல. பத்தியம்னா பத்தியம்."

டாக்டரம்மா சித்தியைப் பார்க்கவில்லை. நம்பிராஜனைப் பார்த்தார். "உங்ககிட்ட நான் சொன்னேனா இல்லையா?"

அப்போது அவருக்கு இரண்டு வழிதான் இருந்தது. டாக்டரம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லலாம். சித்தி ஏதோ ரகசியம் என்று சும்மா இருந்திருப்பார். பொய் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். இவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, அங்கேயே, வார்டு பையன்கள், நர்ஸ்கள், பக்கத்து ஸ்ட்ரெச்சர்க்காரர்கள் எல்லோரும் கேட்கச் சொன்னாராம்:

"அத்தை, கோமதிக்குக் காமாலை கெடயாது. மனசுல உள்ள நோயி. அதுக்குத்தான் மாத்தர திங்கா. உப்பு இல்லாட்டி அந்த மாத்தர வெஷமாயிரும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒங்ககிட்ட சொல்லல."

சித்தி கையில் இருந்த என் துணிப்பையைக் கட்டிலின் கீழே வைத்தார். என் தலையை ஒரு தடவை தொட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மருந்தை நிறுத்தினார்கள். கையில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினார்கள். சலைன் என்பது அதுதான். அளவாக உப்புக் கலந்த தண்ணீர். ஊரெல்லாம் லாரி லாரியாக உப்பு ஏற்றி அனுப்புகிற தூத்துக்குடியில் எனக்கு அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியதாயிற்று. கீழாநெல்லியைத் தனியாகக் குற்றம் சொல்ல டாக்டரம்மா தயாராக இல்லை. உப்பை நிறுத்தியதும் வாந்தியில் நீர் வற்றியதும் போதும் என்றார். இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும், ஆளும் போயிருக்கலாம் என்பதையும் அதே குரலில்தான் சொன்னார். எனக்கு அப்போது பயம் வரவில்லை. தெளிந்து உட்கார்ந்து, ஒரு இட்லியைக் கையில் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக முடிந்த அன்றுதான் பயம் வந்தது. நம்பிராஜன் மேல் கோபமும் அன்றுதான் வந்தது.

"என்னக் கொல்லப் பாத்தீயளே" என்றேன்.

"ஆமா" என்றார். இட்லித் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை. ஆனால் இட்லியைச் சாப்பிட்டேன்.

இயக்குநர் மேடம் வந்தார். இருந்த நோயைப் பார்க்க வந்த முதல் ஆள். ஆரஞ்சுப் பழம்கூடக் கொண்டுவந்தார் என்பதால் முதல் பத்தியில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். உறவில்தான் யாரும் கொண்டுவரவில்லை. தலைமை அலுவலகம் புதிதாக ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறதாம். கடலோரக் கிராமங்களில் மனநலம். உலகம் முழுக்க இப்போது அதைப் பற்றித்தான் பேச்சு. மனநலம் இல்லாமல் நிலைத்த வளர்ச்சி இல்லை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

"நீங்கதான் இத எடுத்து நடத்தணும் கோமதி. உங்கள மாதிரி யாரால முடியும்?" என்றார் மேடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா உங்க விஷயம் மட்டும் வெளியே போக வேண்டாம். கிராமத்துல நம்பிக்கை போயிடும்" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. உப்பளக் குடியிருப்பு ஒன்றில் சுயஉதவிக் குழுத் தலைவி. குடிதண்ணீர்க் குழாய்க்காகக் கலெக்டர் ஆபீஸ் வரை வந்து பேசியவள். திடீரென்று கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நாங்கள் வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அவள் இல்லாமல் குழு கலைந்தது, குழாய்க்குப் பராமரிப்பு இல்லாமல் போனது, அவளுடைய மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உப்பு வாரப் போனாள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டு அடுத்த கிராமத்துக்குப் போய்விட்டோம். தண்ணீர், படிப்பு, வேலை என்று எங்கள் சுவர்ச் சக்கரத்தில் எத்தனை வண்ணம் உண்டோ அத்தனையும் அந்த ஒரு வீட்டில் வெளுத்துப்போயிருந்தது. டாக்டரம்மாவிடம் உள்ள மாத்திரைகளில் ஏதாவது ஒன்று அவளுக்கும் பொருந்தியிருக்கும்.

"சொல்லாம நடத்தணும்னா என்னால முடியாது மேடம். நானே மறைச்சு வச்சுக்கிட்டு அவளுகள எப்படி வெளிய வரச் சொல்ல?" என்றேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். போகவில்லை, அதை மேலேயே சொல்லிவிட்டேன். திட்டம் எனக்கு வரவில்லை, வேறொருவருக்குப் போனது. நான் அவருக்குக் கீழே இருக்கிறேன். கிராமக் கூட்டங்களில் என் நோயின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறேன். சில ஊர்களில் எழுந்து போகிறார்கள்.

ஆனால் அன்றைக்கு என்னை அரித்தது வேலை இல்லை, சித்தி. சித்தி போன் எடுக்கவில்லை. ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார் என்று நம்பிராஜன் பயந்தார். எனக்கு வேறு பயம். இனிமேல் என்னைப் பார்க்கவே வர மாட்டாரோ என்று.

வீட்டுக்குப் போகிற அன்று, வெளிநோயாளிகள் பகுதியில் பெஞ்சில் உட்கார்ந்து மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தோம். சித்தி வந்தார். பின்னால் ஒரு ஆள். தாடி, தொளதொளத்த சட்டை, வெயிலைப் பார்க்காமல் வெளுத்த தோல். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் அடையாளம் தெரிந்தது. கண்ணபிரான், சித்தியின் ஒரே மகன், என் தம்பி முறை. அவன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருஷக்கணக்காக ஊருக்கு வரவில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நம்பிராஜன் எழுந்துவிட்டார். "எப்படா வந்த? எந்தக் கப்பல்?"

"கப்பல்ல இல்ல மாப்ளே. மாடியில இருந்தான்" என்றார் சித்தி.

சித்தி பெஞ்சில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். படித்து முடித்து வேலைக்குப் போன இடத்தில் காதில் யாரோ பேசுகிறார்கள் என்று திரும்பி வந்துவிட்டானாம். கோயில், மந்திரிப்பு எல்லாம் பார்த்தாயிற்று. பிறகு கதவைச் சாத்தி வைத்தாயிற்று. ஆள் வந்தால் சத்தம் போடக் கூடாது, யாராவது பார்த்துவிட்டால் கப்பலிலிருந்து லீவில் வந்ததாகச் சொல்ல வேண்டும் என்று பழக்கினாராம்.

"தீவாளி தவறாம அவன் அனுப்புனான்னு ஒனக்குச் சேல குடுப்பேன் பாத்தியா? செண்ட் பாட்டிலு, சோப்பு எல்லாம்? அம்புட்டும் நான் இங்கன தூத்துக்குடியில வந்து எடுத்ததுளா. கடக்காரன்ட்ட, வெளிநாட்டு எழுத்து போட்டதாப் பாத்துக் குடு அண்ணாச்சின்னு கேப்பேன்."

அந்தச் சேலைகளில் ஒன்றைத்தான் நான் அன்றைக்குக் கட்டியிருந்தேன். சித்தி அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"அன்னைக்கு மாப்ள அத்தன பேரு முன்னால சொன்னாவல்லா. சொல்லிட்டுச் செத்துப்போவலயே. பஸ்ஸுல போவும்போது அதையே நெனச்சுக்கிட்டுப் போனேன்" என்றார்.

டாக்டரம்மாவிடம் நாலு பேருமாகத்தான் போனோம். கண்ணபிரான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். டாக்டரம்மா எதையும் எழுதாமல் அவன் பக்கம் திரும்பி, பெயரைக் கேட்டார். சொன்னான். வரும் வழியில் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். தலையாட்டினான். "என்ன பண்ணிட்டிருக்கீங்க கண்ணபிரான்?" என்று கேட்டார்.

அவன் சித்தியைத் திரும்பிப் பார்த்தான்.

"இங்கன என்னம்மா சொல்லணும்?"

சித்தி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"உள்ளதச் சொல்லுய்யா."